அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓர் இரவு: பெங்களூரில் வீடு தேடுவோர் சத்தத்தைப் பார்ப்பது எப்படி?

சேலம், மதுரை, திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் வருகிற எல்லோருக்கும் மடிவாளா தெரியும். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு பஸ் ஓரங்கட்டும். டிக்கிக் கதவைத் தட்டித் திறப்பார்கள். ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பின்னால் வந்து நிற்கிற பஸ் ஹாரன் அடிக்கும். நாம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு ஜன்னலுக்குப் பின்னால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வராது. எனக்கும் வந்ததில்லை, அப்படி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நானே குடிபோகும் வரை.

அந்த வீட்டை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நல்ல வெளிச்சம், காவேரித் தண்ணீர், ஆபீசுக்கு இருபது நிமிடம். சாலை காலியாகக் கிடந்தது. அங்கேயே அட்வான்ஸ் பேசி முடித்தேன். குடிபோன முதல் வாரமே தெரிந்துவிட்டது. ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை ஊருக்குக் கிளம்பும் பஸ்கள், அதற்குப் பின் லாரிகள், நாலரைக்குத் திரும்பி வரும் பஸ்கள். இடையில் கிடைத்தது மூன்று மணி நேரத் தூக்கம். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு. பத்து நாள் தங்க வந்தவர் நான்காம் நாளே பஸ் ஏற்றிவிடச் சொன்னார். ஐந்தாம் மாதம் காலி செய்தேன். சீக்கிரம் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை, பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று அட்வான்சில் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்காகவும், இங்கே வேலைக்கு வந்த உறவுக்காரர்கள், நண்பர்களுக்காகவும் நிறைய வீடு பார்த்துவிட்டேன். தண்ணீர் வருகிறதா, பார்க்கிங் உண்டா என்று கேட்கிற நாம், சத்தத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். வீட்டை நமக்குக் காட்டுவது அது மிக அமைதியாக இருக்கிற நேரத்தில். அதனால் புரோக்கரோடு போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நாமே தனியாகச் சில வேலைகள் செய்ய வேண்டியிருக்கிறது. செலவு அதிகமில்லை. ஒரு ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் முன்: வரைபடம்

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டரைப் பாருங்கள். பெரிய சாலை, ரயில் பாதை, மெட்ரோ பாதை, வண்டிகள் நின்று கிளம்பும் இடம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நகரப் பேருந்துகளின் பி.எம்.டி.சி. டிப்போ, பெட்ரோல் பங்க், தனியார் பஸ் ஏற்றும் இடம், தண்ணீர் லாரி நிரப்பும் போர்வெல், மணல் லாரிகள் நிற்கும் காலி மனை எல்லாம் இதில் சேரும். வண்டி கடந்து போகும் சத்தத்தைக் காது ஓரளவு பழகிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகி, உறுமி, ரிவர்ஸ் எடுத்து, 'பீப் பீப்' என்று பின்னால் வரும் சத்தத்தைப் பழகவே முடியாது.

பெங்களூர் விலாசமே பாதிச் செய்தி சொல்லிவிடும். 'மெயின்' என்றால் நீளச் சாலை, 'கிராஸ்' என்றால் அதன் குறுக்கே போகும் தெரு. கிராஸில் நான்கைந்து வீடு உள்ளே தள்ளியிருந்தால் பெரும்பாலும் பிழைத்தோம். மெயினும் கிராஸும் சந்திக்கும் மூலை வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கும், காற்று நன்றாக வரும், சத்தமும் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஆனால் எல்லா மெயினும் பெரிய சாலையல்ல, சில கிராஸ்கள் குறுக்குவழியாகி ராத்திரி முழுக்க வண்டி ஓடும். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கிறதா, அல்லது முட்டுச்சந்தா என்று வரைபடத்தில் பின்தொடர்ந்து பாருங்கள்.

தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட சாலையிலிருந்து வரும் சத்தம், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அதாவது 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குத் தள்ளிப் போனால் காதுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. குறுக்கே ஒரு வரிசைக் கட்டடம் இடைவெளியில்லாமல் நின்றால் நிறையக் குறையும். சாலைக்கு முதுகு காட்டி, இரண்டாம் வரிசையில் இருக்கும் சாதாரண வீடு, வெட்டவெளிக்கு அப்பால் நிற்கும் பெரிய அபார்ட்மெண்டைவிட அமைதியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதே காரணத்தால் ஏரி பார்த்த வீட்டில் எச்சரிக்கை தேவை. வெளிவட்டச் சாலையை ஒட்டியிருக்கும் அகரா ஏரி, ஹெப்பாள் மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் ஹெப்பாள் ஏரி போன்ற இடங்களில் எதிர்க்கரையில் நின்றால், நடுவே தண்ணீரைத் தவிர எதுவுமில்லை. காற்றடங்கிய குளிர் இரவில் தண்ணீருக்கு மேல் சத்தம் வளைந்து இறங்கி வெகுதூரம் போகும். பகலில் கொக்கு பார்த்து ரசித்த பால்கனியில் ராத்திரி லாரி டயர் சத்தம் கேட்கும். கூடுதல் வாடகை கொடுக்கும் முன் அங்கே இரவில் ஒருமுறை நின்று பாருங்கள்.

சாலை

நகருக்குள் பெரிய லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால், வெளிவட்டச் சாலை, ஓசூர் ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு, தும்கூர் ரோடு ஆகியவற்றில் இரவு பத்து மணிக்கு மேல்தான் கனரக வண்டிகள் கூடும். மாலை ஆறு மணிக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி ஹாரன் அடிக்கும், ஆனால் டயர் சத்தம் இருக்காது. அதே சாலை ஒரு மணிக்குக் காலியானதும் வேகம் ஏறும், வேகம் ஏறினால் டயர் தாரில் உராயும் சத்தமே என்ஜினை மிஞ்சும். வண்டி எண்ணிக்கை பாதியானாலும் சத்தம் 3 டெசிபல்தான் குறைகிறது, வேகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் 'ராத்திரி டிராஃபிக்கே இருக்காதுங்க' என்று ஓனர் சொன்னால், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நமக்கு வேண்டிய பதில் அது அல்ல. பல்லாரி ரோட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு: விமான நிலையத்துக்குப் போகும் டாக்சிகள் நடுராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும்.

வீட்டு வாசலிலிருந்து இரு பக்கமும் நூறு மீட்டர் நடந்து பாருங்கள். வேகத்தடை இருக்கிறதா? காலி டிப்பர் லாரி அதில் ஏறி இறங்கும்போது இரும்புத் தொட்டி இடிக்கிற சத்தம், தூங்குகிறவரை எழுப்ப அது ஒன்றே போதும். சாலை மேடா? மேட்டில் லாரி கியர் மாற்றி உறுமும். சிக்னல் அருகிலா? பச்சை விழும் முன்பே ஹாரன் தொடங்கிவிடும். மேம்பாலம் பக்கத்தில் என்றால் பாலத்தின் இணைப்புகளில் டயர் ஏறும் 'டக்... டக்' சத்தத்தைக் கவனியுங்கள். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை போகும் உயர்சாலை 2010-ல் திறந்தது. அதன் ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கீழே ஒரு சாலை, மேலே ஒரு சாலை.

ரயிலும் மெட்ரோவும்

ரயில் பாதை பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரும் மறைக்க முடியாது. கேட்க வேண்டியது, லெவல் கிராசிங் எங்கே என்பதுதான். கேட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பே விசில் பலகை இருக்கும். அங்கிருந்து ஓட்டுநர் விசில் ஊதியாக வேண்டும், அது விதி. கேட் இல்லாத இடத்தில் தடதடவென்று ஓடி மறையும் ரயில், கேட் பக்கத்தில் வீட்டையே எழுப்பிவிடும். பையப்பனஹள்ளியிலிருந்து கார்மெலாரம், ஹீலலிகே வழியாக ஓசூர் போகும் பாதை, பானஸ்வாடி, ஹெப்பாள் வழியாக யஷ்வந்த்பூர் போகும் பாதை ஆகியவற்றின் ஓரம் வீடு பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். சரக்கு ரயில் அட்டவணையில் இருக்காது. எந்த நேரத்தில் போகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு அருகில் என்றால் அறிவிப்பு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் பாருங்கள்.

மெட்ரோ இதைவிட நல்ல அண்டை வீட்டுக்காரர். விடியற்காலை ஐந்து மணி சுமாருக்குத் தொடங்கி இரவு பதினொன்று சுமாருக்கு ஓய்ந்துவிடும், விசில் இல்லை. ஆனால் மேல்பாதைக்கு ஓரமாக இருக்கும் வீட்டில் எந்த மாடி என்பது முக்கியம். மெட்ரோ பாலம் பெரும்பாலும் மூன்றாவது மாடி உயரத்தில் போகிறது. பாலத்தின் ஓரச்சுவர் கீழே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தடுத்துக் கொடுக்கும். தண்டவாளத்துக்கு நேர் எதிரே, அல்லது சற்று மேலே இருக்கும் மாடிக்கு அந்தத் தடுப்பு இல்லை. 'மேலே போனால் சத்தம் குறையும்' என்று சொல்வது இங்கே பொருந்தாது.

அப்புறம் வளைவு. நேர்ப்பாதையில் வழுக்கிக்கொண்டு போகிற ரயில், கூர்மையான வளைவில் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கீச்சிடும். அல்சூர், இந்திராநகர் பக்கம் பர்ப்பிள் பாதை சாலைக்குச் சாலை திரும்புவது போன்ற இடங்களில் ஜன்னலைத் திறந்து இரண்டு மூன்று ரயில் போகும் வரை நின்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் நேரமாகப் பார்த்துப் போனால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பாதை வளைவா நேரா என்பது வரைபடத்திலேயே தெரியும். நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், ஆனால் பாதை கண்ணுக்குத் தெரியாத தெருவில் வீடு கிடைத்தால், அதைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

விமானம்: காற்று திரும்பும், சத்தமும் திரும்பும்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவனஹள்ளி பக்கம் இருக்கும் கெம்பேகௌடா விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. இரண்டாவது ஓடுபாதை 2019 டிசம்பரில் வந்தது. இரண்டும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. அதனால் நிலையத்துக்கு நேர் தெற்கே இருக்கும் இடங்களைவிட, ஓடுபாதையைக் கிழக்கிலும் மேற்கிலும் நீட்டினால் வரும் நேர்கோட்டின் கீழே இருக்கும் இடங்களில்தான் விமானம் தாழப் பறக்கும். வரைபடத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஓடுபாதையை இரண்டு பக்கமும் பதினைந்து கிலோமீட்டர் நீட்டிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் புதிய லேஅவுட் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா?

விமானம் கூடியவரை எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று. அந்த மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்து இறங்கும், மேற்கு நோக்கி ஏறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கீழைக்காற்று, அப்போது எல்லாம் தலைகீழ். ஆக, ஜூலையில் பார்த்துவிட்டு 'இங்கே ஒரு விமானச் சத்தமும் இல்லை' என்று எடுத்த வீட்டில், டிசம்பரில் தலைக்கு மேல் வரிசையாக விமானம் போகலாம். வீடு பார்க்கும் மாதம் எது, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியைத் திறந்து வைத்துக்கொண்டால் எந்த விமானம் எந்த உயரத்தில் வீட்டைக் கடக்கிறது என்று தெரியும். மற்ற பருவத்தில் எப்படி என்பதை அங்கே ஒரு வருடமாவது குடியிருந்தவர்களைக் கேளுங்கள்.

இதோடு முடியவில்லை. பயணிகள் விமானங்கள் 2008-ல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும், நகருக்குள் இருக்கும் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதை உயிரோடுதான் இருக்கிறது. போர் விமானச் சோதனைப் பறப்பு, ராணுவ விமானம், தனியார் சிறு விமானம் எல்லாம் அங்கே உண்டு. அதுவும் கிழக்கு மேற்கு ஓடுபாதைதான். மேற்குப் பக்கம் முருகேஷ்பாளையா, தொம்மலூர், கிழக்குப் பக்கம் மாரத்தஹள்ளி. இது பெரும்பாலும் வேலைநாள் பகலில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் அந்தப் பக்கம் பார்த்தால், செவ்வாயோ புதனோ லீவு போட்டாவது ஒரு பகல் போய்க் கேளுங்கள். எலகங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் விமானக் கண்காட்சி நடக்கும். ஒத்திகை நாட்களையும் சேர்த்துச் சில நாள் வானம் அதிரும். அதற்காக வீட்டை விட வேண்டியதில்லை, கைக்குழந்தை இருந்தால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த எண்ணைத் தாண்டக் கூடாது?

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட பரிந்துரையில், வீட்டுக்கு வெளியே இரவுச் சராசரி சாலைச் சத்தத்துக்கு 45, ரயிலுக்கு 44, விமானத்துக்கு 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தூக்கம் கெடுவதை வைத்துப் போட்ட கணக்கு அது.

நேர்மையாகச் சொன்னால், பெங்களூரின் பெரிய சாலை ஓரங்களில் இரவு 45 கிடைக்காது. இந்த எண்களை வீட்டைத் தள்ளுபடி செய்யும் அளவுகோலாக வைக்காமல், இரண்டு மூன்று வீடுகளை ஒப்பிடும் அளவுகோலாக வையுங்கள். ஒன்றை மட்டும் மனதில் நிறுத்துங்கள்: 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். 50-க்கும் 60-க்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசமல்ல.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒலி கண்காணிப்பு நிலையங்கள் பி.டி.எம்., தொம்மலூர், ஒயிட்ஃபீல்ட், பீன்யா, நிம்ஹான்ஸ் உட்படப் பெங்களூரில் பத்து இடங்களில் இருக்கின்றன. ஆனால் ஒரு தெரு தள்ளினால் கதை மாறிவிடும் என்பதால், உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் அளந்தாக வேண்டும்.

கைப்பேசியில் அளப்பது

ஐபோன் இருந்தால் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளவுச் செயலி நல்லது. ஆண்ட்ராய்டில் நாய்ஸ்கேப்சர் என்று ஒன்று உண்டு, அதுவும் இலவசம். ஆண்ட்ராய்டு போன்களில் மைக் போனுக்குப் போன் மாறும் என்பதால் எண் முன்பின் இருக்கும். இதற்கு எளிய வழி, நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்தில், நன்றாகத் தூங்க முடிகிற ஓர் இரவில், அதே போனால் அளந்து எழுதி வைப்பது. அதுதான் உங்கள் அளவுகோல். புது வீட்டின் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். போனை மட்டும் மாற்றாதீர்கள்.

அளக்கும் முறை இது. போன் உறையைக் கழற்றுங்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், பம்ப் எல்லாம் நின்றிருக்க வேண்டும், கூட வந்தவர்கள் பேசக் கூடாது. படுக்கையறையில் கட்டில் போடப் போகும் இடத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, போனை வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். முதலில் ஜன்னலைத் திறந்து, பிறகு மூடி. செயலியில் 'ஏ' எடையிடல் இருக்கட்டும், அது மனிதக் காதுக்கு ஏற்ற அளவு. முடிந்ததும் சராசரி, உச்சம் என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சராசரி குறைவாக இருந்து உச்சம் மிக அதிகமாக இருந்தால், அவ்வப்போது ஒரு லாரியோ ரயிலோ தூக்கிப்போடுகிறது என்று பொருள். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அந்த உச்சம்தான். வீட்டுக்குள் இரவில் விட மறுத்தால் மொட்டை மாடியிலோ, வாசலிலோ நின்று அளக்கலாம். திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தில் 10 முதல் 15 டெசிபல்தான் குறைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று இதில் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ வருடம் முழுக்க ஃபேன் ஓடும், ஏசி ஓடும். அந்த இரைச்சலில் தெருச் சத்தம் அமுங்கிவிடும். பெங்களூரில் பல மாதங்கள் ஃபேன் தேவைப்படாது, ஜன்னலைத் திறந்து படுப்பதுதான் இந்த ஊரின் சுகமே. சாலையோர வீட்டில் அந்தச் சுகம் போய்விடும். மூடினால் புழுக்கம், திறந்தால் லாரி. அதனால் ஜன்னல் திறந்திருக்கும்போது வரும் எண்ணுக்கே நான் முதல் மதிப்புக் கொடுப்பேன்.

எந்த நேரத்தில் போவது?

பிடித்த வீட்டுக்கு மூன்று முறை போங்கள். வேலைநாள் காலை எட்டரைக்கு ஒருமுறை. வேலைநாள் இரவு பதினொன்றுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரமாவது இருங்கள். விடியற்காலை நாலரைக்கு ஒருமுறை. மூன்றுக்கும் நேரமில்லை என்றால் கடைசி இரண்டையும் ஒரே ராத்திரியில் முடியுங்கள்: பக்கத்தில் பி.ஜி.யிலோ லாட்ஜிலோ ஒரு ராத்திரி தங்கலாம். ஆயிரம் ரூபாய் போனாலும், ஐந்து மாதம் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரில் அது பெரிய காசல்ல. வெள்ளி இரவு ஊருக்குப் போகும் பஸ் கூட்டம், திங்கள் விடியற்காலை திரும்பும் கூட்டம். ஓசூர் ரோடு பக்கம் பார்ப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பெண்கள் தனியாக நடுராத்திரி தெருவில் நிற்க வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போய், காருக்குள்ளோ ஆட்டோவுக்குள்ளோ உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக் கேட்டாலும் போதும். ஊரிலிருந்தே வீடு பார்க்கிறவர்கள், இங்கே இருக்கும் நண்பரைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். சத்தம் எவ்வளவு என்று அதில் தெரியாது, என்ன மாதிரிச் சத்தம் என்பது தெரியும்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவர், டீக்கடைக்காரர், செக்யூரிட்டி, பூ விற்கும் அக்கா ஆகியோருக்குத் தெருவின் இருபத்திநாலு மணி நேரமும் தெரியும். அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கமெல்லாம் தமிழிலேயே பேசலாம். 'இங்க சத்தம் இருக்குமா அண்ணா?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லை, பழகிடும்' என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். 'ராத்திரி எத்தனை மணிக்கு வண்டி குறையும்?' 'காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?' 'லாரி இந்தப் பக்கம் திரும்புமா?' 'முன்னாடி இந்த வீட்ல இருந்தவங்க எத்தனை நாள் இருந்தாங்க, ஏன் போனாங்க?' கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் ரொம்ப நம்புவேன்.

கட்டடமும் பேசும். அக்கம்பக்கத்து வீடுகளில் சாலைப் பக்க பால்கனிகளைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்களா? சாலைப் பக்க ஜன்னல்கள் மட்டும் மாலையிலும் மூடியே கிடக்கின்றனவா? ஜன்னல் விளிம்பில் கறுப்புத் தூசி படிந்திருக்கிறதா? அங்கே சத்தம் மட்டுமல்ல, புகையும் சேர்ந்தே வருகிறது.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது

படுக்கையறை எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. ஹால் சாலைப் பக்கமும், படுக்கையறை பின்பக்கமும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜன்னல் வகையைப் பாருங்கள். தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னலில் இடுக்கு இருக்கும், கதவு போல் திறந்து மூடும் ஜன்னல் இறுக்கமாக அடையும். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே மூட முடியாத வென்டிலேட்டர் இருக்கும். கீழே எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் சத்தம் அது வழியாக வந்துவிடும். இரட்டைக் கண்ணாடி இருந்தால் நல்லது. ஓனரைப் போடச் சொன்னால் வாடகைக்காரருக்காகப் போட மாட்டார். ஆனால் தேய்ந்த ரப்பர் பீடிங்கை, ஸ்லைடிங் ஜன்னலின் பிரஷ் பட்டையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், செலவு குறைவு என்பதால் பலரும் ஒப்புக்கொள்வார்கள். கனமான திரைச்சீலையை நம்பிக் காசு போடாதீர்கள். அறைக்குள் எதிரொலி குறையும், தெருச் சத்தம் குறையாது.

நாளைக்கு என்ன வரப்போகிறது?

இன்று அமைதியாக இருக்கும் தெரு, அடுத்த வருடம் கட்டுமானக் களமாகலாம். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியாக விமான நிலையம் போகும் மெட்ரோவின் ப்ளூ பாதை, காளேன அக்ரஹாராவிலிருந்து நாகவாரா போகும் பிங்க் பாதை, பையப்பனஹள்ளி, ஹீலலிகே பக்கமெல்லாம் வரும் புறநகர் ரயில் எனப் பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கும் வரை அந்த வழியில் குடியிருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பாதையின் வரைபடத்தில் நிலையம், தூண் எங்கே வருகிறது, டிப்போ எங்கே என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிங்க் பாதை டெய்ரி சர்க்கிளிலிருந்து நாகவாரா வரை நிலத்துக்கடியில் போகிறது. அங்கே காதுக்குக் கேட்பதைவிடத் தரையில் அதிர்வு தெரிகிறதா என்பது கேள்வி.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

பதினொரு மாத ஒப்பந்தத்தில் 'லாக்-இன்', அதாவது காலி செய்யக் கூடாத காலம், எத்தனை மாதம் என்று பாருங்கள். ஆறு மாதம் என்று போட்டிருந்தால் இரண்டாகக் குறைக்கக் கேளுங்கள். இரண்டு மாதத்தில் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் இதைச் செய்திருந்தால் எனக்கு இரண்டு மாத வாடகை மிச்சமாகியிருக்கும்.

குடிபோன பிறகும் சில சத்தங்களுக்குச் சட்டம் துணை நிற்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது, இரைச்சல் எழுப்பும் கட்டுமான எந்திரத்தை ஓட்டக் கூடாது என்று ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டப்படியும் நடவடிக்கை உண்டு. ராத்திரி பக்கத்து மனையில் கான்கிரீட் லாரி வந்து நின்றால் 112-க்குக் கூப்பிடலாம். தினமும் ஒரே இடத்தில் பஸ் நின்று ஹாரன் அடிக்கிறது என்றால் தேதி, நேரம், வண்டி எண்ணோடு ஒரு வாரம் குறித்து, தெருவில் நான்கு பேர் கையெழுத்தோடு போக்குவரத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். ஒருவர் போய்ச் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஓடும் சாலையையும், ரயிலையும், விமானத்தையும் எந்தப் புகாரும் நிறுத்தாது. அவற்றுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய அந்த ஓர் இரவுதான் வழி.